கடைக்காரரே, விலைச் சீட்டில் இதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநாளும் சித்திரை வருடப்பிறப்பும் நெருங்கினால் உங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக டீவி விளம்பரம் வருகிறது. எத்தனை இன்ச், என்ன விலை, மாதம் எவ்வளவு கட்டினால் போதும் என்ற மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கும். வாங்குகிறவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது எதுவும் இருக்காது. சரி, கடைக்குப் போனால் தெரியும் என்று பார்த்தால் அங்கேயும் இல்லை. எங்கள் வீட்டு ஹோலுக்கு அண்மையில் ஒரு டீவி வாங்கினோம். அதற்காக மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கல்முனை என்று ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில்கூட, இது என்ன வகைப் பெனல் (படம் தெரியும் திரைப் பலகை), எத்தனை வாட் கரண்ட் இழுக்கும், பழுதானால் எந்த ஊரில் திருத்துவார்கள் என்று தமிழில் எழுதி ஒட்டிய ஒரு பெட்டியைக் காணவில்லை. கேட்டால் சொல்கிறார்கள்தான், ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும். வாகரையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் பஸ் ஏறி, சேர்த்து வைத்த காசோடு வருகிறவர்களுக்கு என்ன கேட்பதென்று யார் சொல்லிக் கொடுப்பது? அதனால் நான் கேட்டுத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். கடைக்காரர்களும் இதை வாசித்தால் நல்லது.

முதலில் கடையில் ஓடும் படம். பூ விரிவது, கிளி பறப்பது, கடலுக்கடியில் மீன் நீந்துவது என்று மெதுவாக நகரும் வீடியோவைத்தான் எல்லாக் கடையிலும் போட்டு வைத்திருக்கிறார்கள். அது 4கே தரத்தில் எடுத்தது, டீவியும் கடைக்கென்று உள்ள அமைப்பில் ஓடுகிறது, அதாவது வெளிச்சமும் நிறமும் உச்சத்தில். எந்த மலிவுப் பெட்டியும் அதில் பளபளக்கும். நம் வீட்டில் நாம் பார்ப்பது அதுவா? நேத்ரா, வசந்தம், சக்தி, பின்னேரத்துச் செய்தி, நாடகம், அப்புறம் யூடியூப். வீட்டு அன்டெனாவில் பிடிப்பது இன்னும் பழைய அனலொக் அலைதான், அதில் படத்துக்கு இருப்பது 576 வரிகள். செய்மதி இணைப்பில் வருகிற சாதாரண சேனல்களும் பெரும்பாலும் அந்த அளவுதான். 720க்கு 576 என்றால் ஏறத்தாழ நான்கு லட்சத்துப் பதினையாயிரம் புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது எண்பத்திரண்டு லட்சத்துக்கு மேல். சரியாக இருபது மடங்கு. வருகிற ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மீதிப் பத்தொன்பதையும் டீவி தானே ஊகித்து நிரப்ப வேண்டும். நல்ல பெட்டி இதை நன்றாகச் செய்யும், மட்டமான பெட்டியில் செய்தி வாசிக்கிறவரின் முகம் மெழுகு பூசியதுபோல் வரும், கீழே ஓடும் எழுத்தைச் சுற்றி நுளம்பு மொய்ப்பதுபோல் அசையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கிளிப் படத்தில் தெரியவே தெரியாது. ஆகவே ஒரு பென்டிரைவில் பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றும், உங்கள் வீட்டில் பார்க்கிற மாதிரியான சாதாரணத் தரத்தில் ஒரு செய்தித் துண்டும் கொண்டுபோங்கள். கடை அமைப்பிலிருந்து வீட்டு அமைப்புக்கு மாற்றி அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் மறுக்கவில்லை. மறுத்த கடையில் நான் வாங்கவில்லை, நீங்களும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது பெனல். விளம்பரத்தில் எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி என்று போடுகிறார்கள், எது எது என்று யாரும் விளக்குவதில்லை. எல்இடி டீவி என்பது உள்ளே எல்சிடி திரைதான், பின்னால் வெளிச்சம் கொடுக்க எல்இடி விளக்குப் பட்டி இருக்கிறது. கியூஎல்இடியும் அதேதான், நிறத்தைக் கூட்ட நடுவில் ஒரு படலம் சேர்த்திருக்கிறார்கள். ஓஎல்இடி மட்டும்தான் வேறு, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்விளக்கு இல்லை, கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். படம் என்று பார்த்தால் அதுதான் சிறந்தது, மறுக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடுகிற வீட்டுக்கு அது வேண்டாம். மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் சின்னமும் அடியில் ஓடும் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடலாம். இன்னொன்று, ஓஎல்இடி டீவி ரிமோட்டில் நிறுத்திய பிறகு ஸ்டான்ட்பையில் இருக்கும்போதுதான் தன் திரையைச் சரிசெய்து கொள்கிறது. நம் ஆட்களோ படுக்கப் போகும்போது சுவர்ச் சுவிட்சையே நிறுத்துகிறவர்கள். இடி மின்னலுக்குப் பயந்து வந்த பழக்கம் அது, நல்ல பழக்கமும்கூட. அந்தப் பழக்கத்துக்கும் அந்த டீவிக்கும் ஒத்துவராது.

அப்போ மீதிப் பேர் வாங்குவது எல்சிடிதான். அதிலும் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை இருக்கிறது, விலைச் சீட்டில் கட்டாயம் எழுத வேண்டியது இதுதான் என்பேன். விஏ பெனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், இருட்டறையில் நேர் முன்னால் இருந்து படம் பார்க்கிறவருக்கு அது அருமை. பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறிப் போகும். ஐபிஎஸ் பெனலில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், ஆனால் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. நம் வீட்டு ஹோலை நினைத்துப் பாருங்கள். மாமி யன்னலோரக் கதிரையில், பிள்ளைகள் பாயில் கீழே, வீட்டுக்காரர் செற்றியில், அடுத்த வீட்டு அக்கா நாடகம் பார்க்க வந்தால் வாசல்படி ஓரத்தில். நேர் முன்னால் இருப்பது ஒருவரோ இருவரோதான். ஐந்தாறு பேர் சுற்றியிருந்து பார்க்கிற வீட்டுக்கு ஐபிஎஸ்தான் பொருந்தும் என்பது என் முடிவு, நாங்கள் வாங்கியதும் அதைத்தான். பெட்டியில் எழுதியிருக்காது, ஒரே மொடலில்கூட அளவுக்கு அளவு பெனல் மாறும், விற்கிற பொடியனுக்கும் தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ள வழி சுலபம். முகங்கள் நிறைந்த ஒரு படத்தைப் போட்டுவிட்டு திரைக்குப் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், பிறகு தரையில் குந்தியிருந்து பாருங்கள். முகத்தின் நிறம் வெளிறினால் அது விஏ. கடையில் குந்தியிருக்க வெட்கப்படக் கூடாது, வீட்டில் பிள்ளைகள் அப்படித்தான் இருந்து பார்க்கப் போகிறார்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் இருப்பது கிழக்குக் கரை. வாசல் கிழக்கே பார்த்த வீடென்றால் காலை வெயில் நேரே ஹோலுக்குள் வந்து விழும், கச்சான் காலத்தில் புழுக்கத்துக்காகப் பகல் முழுக்கக் கதவும் யன்னலும் திறந்தே கிடக்கும். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவால் சொல்வார்கள். மலிவான டீவிகளின் வெளிச்சம் 250, 300 நிட்ஸ் அளவில்தான் நிற்கும், பகலில் அதற்கு முன்னால் இருந்தால் படத்தைவிட உங்கள் வாசல்தான் திரையில் தெரியும். இதற்கு அதிக விலை கொடுத்துப் பிரகாசமான பெட்டி வாங்குவது ஒரு வழி. காசில்லாத வழி, டீவியை வாசலுக்கோ பெரிய யன்னலுக்கோ எதிர்ச் சுவரில் வைக்காமல் பக்கச் சுவருக்கு மாற்றுவது. அந்த 250 நிட்ஸ் பெட்டிகளிலும் எச்டிஆர் என்று, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை என்று, பளிச்சென்று ஒட்டியிருக்கும். அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், காட்டும் என்றல்ல. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட்ஸ் அளவை வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. இந்த ஒரு ஸ்டிக்கருக்காகப் பத்தாயிரம் கூடக் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு பெரிசு வாங்குவது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. திரையின் மூலைக்கு மூலை அளவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான தூரத்தில் இருந்தால் கண்ணுக்கு இதம் என்பது பொதுவான கணக்கு. 32 இன்சுக்கு நாலேகால் அடி, 43 இன்சுக்கு ஆறடிக்குச் சற்றுக் குறைவு, 55 இன்சுக்கு ஏழேகால் அடி. வீட்டுத்திட்ட வீடுகளில் ஹோல் பத்தடி அகலமென்று வைத்தால், கதிரையும் டீவி மேசையும் பிடிக்கிற இடம் போக மிஞ்சுவது ஏழடிக்குள்தான், அதற்கு 43 தாராளம். மேலே சொன்ன 576 வரி சேனல்களை மட்டும் பார்க்கிற வீட்டுக்குப் பெரிய திரை இன்னும் மோசம், ஏனென்றால் குறை பெரிதாகத் தெரியும். 55 இன்ச் பெட்டி 122 சென்றிமீற்றர் அகலம், அதன் இரண்டு கால்களும் ஓரங்களில் நிற்கும், நம்மிடம் உள்ள பழைய டீவி மேசையில் அது உட்காராது. டேப் எடுத்து அளந்துவிட்டுப் போங்கள். சுவரில் மாட்டுகிறவர்கள் காலண்டர் தொங்கும் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள், அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. இருக்கும்போது கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ திரையின் நடு அந்த உயரத்தில் இருந்தால் போதும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மேசையில் வைத்தால் பின்பக்கம் ஒரு பட்டி போட்டுச் சுவரோடு கட்டி விடுங்கள், இழுத்தால் முகத்தில் விழும்.

4கே வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு, 43 இன்சுக்கு மேலே இப்போது வேறு தரத்தில் கிடைப்பதே அரிது, ஆகவே யோசிக்க ஒன்றுமில்லை. 32 இன்ச் வாங்குகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அதில் பெரும்பாலானவை 1366க்கு 768 மட்டும். முழு எச்டி 1920க்கு 1080 வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியின் மேல் 4கே ஆதரவு என்று எழுதியிருந்தாலும் திரையின் புள்ளிக் கணக்கு என்ன என்று கேளுங்கள்.

அன்டெனாவில் டிஜிட்டல் அலையைப் பிடிக்கும் டியூனர் இருக்கிறது, டிவிபி-டி2 என்று சிலர் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஐஎஸ்டிபி-டி என்ற ஜப்பானிய முறையை. இரண்டும் வேறு. அனலொக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறுவது இழுபட்டுக்கொண்டே போகிறது, அதனால் டிவிபி-டி2 டியூனரை வைத்து இங்கே ஒன்றும் பிடிக்க முடியாது. அதற்கென்று ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம்.

ஸ்மார்ட் வேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீவிக்குள் ஓடும் மென்பொருள் கூகுள் டீவி, டைசன், வெப் ஓஎஸ், விடா இவற்றில் எதுவாக இருந்தாலும் யூடியூப் ஓடும். பெயர் தெரியாத பெட்டிகளில் அன்ரொயிட் என்று போட்டிருப்பார்கள், ஆனால் அங்கீகாரம் இல்லாத பதிப்பாக இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எச்டியில் வராது, கொஞ்சக் காலத்தில் செயலிகளும் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். நின்றாலும் யூடியூப் போன்றவற்றை ஓட்டும் தனி ஸ்டிக் ஒன்று செருகிப் பார்த்துக்கொள்ளலாம், அதற்காக டீவியை மாற்றத் தேவையில்லை. டேட்டாவையும் கணக்கில் எடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரை இழுக்கும், எச்டி என்றால் 3. மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று ரவுட்டர் வைத்திருக்கிற வீட்டில் 4கே பார்த்தால் ஒரு வாரம் நின்று பிடிக்காது.

இனி கரண்ட். 55 இன்ச் டீவி 120 வாட் இழுக்கிறதென்று வையுங்கள், ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் மாதம் ஏறக்குறைய 22 அலகு. 43 இன்ச் 80 வாட் என்றால் 14 அலகு சொச்சம். ஏழு அலகு சொச்சம் வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றும், ஆனால் நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 90 அலகைத் தாண்டாமல் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற வீட்டில் அந்த ஏழு அலகுதான் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். எத்தனை வாட் என்பது ஒவ்வொரு டீவியின் முதுகிலும் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது, அதையே முன்பக்கம் தமிழில் எழுதி ஒட்டக் கடைக்காரருக்கு என்ன செலவு?

பழுது, திருத்தம், உத்தரவாதம். ஐயா, நான் இந்தக் கடிதத்தை எழுதியதே இதற்காகத்தான். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இங்கே விற்கிற எத்தனையோ டீவிகளின் திருத்துமிடம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் முந்தைய டீவி உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே இருண்டுவிட்டது, சத்தம் மட்டும் கேட்டது. வாங்கிய கடை அதைக் கொழும்புக்கு அனுப்பினது. மாதக்கணக்கில் வரவில்லை. போய்க் கேட்டால் அடுத்த கிழமை என்றார்கள், அனுப்பிய கூலியும் எங்கள் தலையில். கடைசியில் வந்த பெட்டியின் மூலையில் அடிபட்ட தடம், அதற்கு யாரும் பொறுப்பில்லை. பிறகு அதே கோளாறு திரும்ப வந்தபோது எங்கள் ஊரிலேயே ஒரு திருத்துகிற தம்பி கழற்றிக் காட்டினார். பின்விளக்குப் பட்டியில் ஒரு எல்இடி எரிந்து போயிருந்தது, அவ்வளவுதான். பட்டியை மாற்றினார், டீவி ஓடியது. படம் இருண்டு சத்தம் மட்டும் கேட்டால் அநேகமாகக் கோளாறு இதுதான், பெனல் போய்விட்டது, புதிசு வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பெனலில் வெடிப்பு விழுந்தால் திருத்துவதில் பலனில்லை, புதுப் பெனல் விலை ஏறக்குறைய புது டீவி விலைக்கு வந்துவிடும்.

அந்தப் பட்டி ஏன் எரிகிறது என்றும் அவரே சொன்னார். கடையில் வைத்திருந்த அதே உச்ச வெளிச்சத்தில்தான் வீட்டிலும் பலர் டீவியை ஓட விடுகிறார்கள். மெனுவுக்குள் போய்ப் பின்விளக்கைப் பாதிக்குச் சற்று மேலே இறக்கி வைத்தால் சூடு குறையும், ஆயுள் நீளும், கண்ணுக்கும் நல்லது, கரண்டும் குறையும். கண்ணாடி அலுமாரிக்குள் அடைத்து வைக்கக் கூடாது. கடற்கரைப் பக்கம், நாவலடி, கல்லடி, மருதமுனை, பாசிக்குடா என்று உப்புக்காத்து அடிக்கிற வீடுகளில் உள்ளே இருக்கிற போர்டும் செருகுமிடங்களும் துருப்பிடிக்கும். பல்லியும் எறும்பும் பின்பக்கத் துளையால் நுழைந்து பவர் போர்டில் செத்துக் கிடக்கும். மாரியில் நாள் கணக்கில் ஈரம் நிற்கும்போது தினமும் கொஞ்ச நேரமாவது டீவியை ஓட விடுவது நல்லது, அந்தச் சூட்டில் ஈரம் காயும். இவையெல்லாம் கொழும்பில் அச்சடித்த கையேட்டில் இல்லை. உத்தரவாதச் சீட்டில் மட்டும் இருக்கிறது, பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்: மின்னல், துரு, பூச்சி இவற்றால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்று. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் டீவி பழுதாகிற காரணங்களில் இந்த மூன்றும் உண்டு. அதை வாங்குகிறவருக்கு வாங்கும் முன்பே, அவருக்கு விளங்குகிற மொழியில் சொல்லியாக வேண்டும்.

மின்னலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரமானால் இடி. பிளக்கைக் கழற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள், அன்டெனா வயரும் டிஷ் வயரும் செருகியபடியே இருக்கும். மின்னல் அந்த வழியாலும் வரும். ரவுட்டருக்கு வரும் டெலிபோன் வயர் வழியாகவும், அங்கிருந்து லேன் வயரில் டீவிக்கும் வரும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கடையில் டீவியோடு சேர்த்து ஸ்டெபிலைசர் ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இப்போதைய டீவிகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தானே தாங்கும், முதுகில் அப்படி எழுதியிருந்தால் ஸ்டெபிலைசரைவிட திடீரென்று ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் ஒரு நல்ல சேர்ஜ் புரொட்டெக்டர்தான் உதவும், அதுவும் வீட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால் மட்டும். நேரே விழுகிற மின்னலை அதுவும் தடுக்காது. கரண்ட் போய்த் திரும்பி வருகிற நேரமும் ஆபத்து. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டியதும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க நின்றதும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போனதும் சுவிட்சை நிறுத்திவிட்டு, வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிற டீவிகளும் நம் பக்கம் நிறைய. கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ வந்தது என்றால் வோல்ட் பிரச்சினை இல்லை, பிளக்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கனடாவிலிருந்து வருவது 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் இங்கே நேரே செருகினால் அந்த இடத்திலேயே போய்விடும், அங்குள்ள டியூனர் நம் சேனல்களையும் பிடிக்காது. எங்கிருந்து வந்தாலும் அங்கத்தைய உத்தரவாதம் இங்கே செல்லாது. பிள்ளை அன்பாகக் கொண்டுவருவதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராதுதான், ஆனால் அந்தக் காசை அனுப்பச் சொல்லி இங்கே வாங்கினால் பழுதானால் கேட்க ஒரு இடமாவது இருக்கும்.

தவணையைச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது, அதற்கு முன்பே டொலர் ஏறி எல்லாம் விலை ஏறிவிட்டது, ஆகவே ரொக்கத்துக்கு வாங்க முடிகிறவர்கள் குறைவு. விளம்பரத்தில் மாதம் 11,000 என்று மட்டும் இருக்கும். 12 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 132,000. அதே பெட்டி ரொக்கத்துக்கு ஒரு லட்சம் என்றால் 32,000 வட்டி. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஏற்கெனவே நுண்கடனில் மாட்டிக்கொண்ட பெண்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வீட்டுக்கு ஒரு டீவி போவதில் எனக்கு மகிழ்ச்சிதான், கணக்குத் தெரிந்து போக வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விலையைப் பார்வைக்கு வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வியாபாரியின் கடமை. பொருளில் என்ன விபரம் குறிக்க வேண்டும் என்று பணிப்புரை விடும் அதிகாரமும் அந்தச் சபைக்கு இருக்கிறது. அப்படியானால் டீவிக்கு அருகில் தொங்கும் அந்த விலைச் சீட்டில் தமிழில் இன்னும் சில வரிகள் எழுத வைக்க முடியாதா? என்ன பெனல், திரையின் உண்மையான புள்ளிக் கணக்கு, எத்தனை வாட், தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு, உத்தரவாதம் எதற்கு உண்டு எதற்கு இல்லை, திருத்துமிடம் எந்த ஊர், அனுப்பும் கூலி யாருடையது. சபை உத்தரவிடும் வரை காத்திருக்காமல் நம் மாவட்டங்களின் வர்த்தக சங்கங்களே இதைத் தொடங்கலாம். முதலில் தொடங்குகிற கடைக்கு ஆட்கள் தேடி வருவார்கள், நான் அக்கம்பக்கத்தில் சொல்லி அனுப்புவேன். ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறவர்கள் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம், பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும், அதில் மொடல் இலக்கமும் தொடர் இலக்கமும் எழுதியிருக்க வேண்டும். வெறுமனே 43 இன்ச் டீவி ஒன்று என்று எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

புது டீவி வந்ததும் பழைய பெட்டி வாவிக்கரையில் கிடப்பதையும் பார்க்கிறேன். அந்தப் பழைய குழாய் டீவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, மழையில் கரைந்து வாவிக்குப் போனால் நாம் தின்கிற மீனுக்கும் இறாலுக்கும்தான் போகும். மாநகர சபையும் பிரதேச சபைகளும் பழைய மின்சாதனங்களை எடுக்க ஒரு நாளை அறிவித்தால் ஆட்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். அதுவரை யாரும் அதை உடைத்து எறியாமல் ஒரு மூலையில் வைத்திருங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பெருநாள் விளம்பரப் பக்கங்கள் வரும்போது, மேலே கேட்ட ஏழு விபரங்களையும் ஒரு கால் பக்கத்தில் கேள்விகளாகப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே விடை எழுத வெற்றிடம் விட்டு. வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய், விற்கிறவரிடமே நிரப்பிக் கையொப்பம் கேட்டு வாங்கலாம். உங்களுக்கு விளம்பரம் தருகிறவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற யோசனை வரலாம். நேர்மையாக விற்கிறவர் அதை நிரப்பிக் கொடுக்கத் தயங்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.